ஆசாரியரின் நிலம் மட்டும் தப்பியது



சென்ற வாரம் நெகேமியாவின் புத்தகத்தில் நான்காம் அதிகாரத்தோடு நிறுத்தியிருந்தோம். எருசலேமின் அலங்கம் பாதி உயரம் எழும்பிவிட்டது. கட்டுகிறவர்கள் ஆயுதமும் கையுமாக நிற்கிறார்கள். இந்த வாரம் ஐந்தாம் அதிகாரம். அதைத் திறந்து வைத்துக்கொண்டு தியானிக்க அமர்ந்தபோதெல்லாம் என் மனம் எருசலேமில் நிற்காமல் இலங்கைக்குப் போய்விட்டது. ஆகவே முதலில் அங்கே போய், பிறகு வேதத்துக்குத் திரும்புவோம். வழக்கத்தைவிடச் சற்று நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் சபையில் ஆராதனைக்கு முதல் ஆளாக வந்து அமரும் தாயார் ஒருவரை உங்களில் பலர் அறிவீர்கள். பெயரைச் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவர் ஹட்டனுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயத்து வீட்டில் பிறந்தவர். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட மலையகத் தமிழருள் அவருடைய பெற்றோரும் அடங்குவர். தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கியபோது அவருக்கு வயது பதின்மூன்று. மூத்த சகோதரி அதற்குள் மணமாகி, இலங்கைக் குடியுரிமை பெற்ற கணவரோடு தோட்டத்திலேயே தங்கிவிட்டார். இரு சகோதரிகளுக்கும் நடுவே அரை நூற்றாண்டாகக் கடல் கிடக்கிறது. முன்பு கடிதம் போனது, இப்பொழுது வாட்ஸ்அப்.

2022ஆம் ஆண்டு மார்ச் மாதத்து வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் அவர் எழுந்து நின்று ஒரு விண்ணப்பம் வைத்தார். "ஐயா, எங்க அக்காவுக்குப் பிரஷர் மாத்திரை கிடைக்கணும்னு ஜெபம் பண்ணுங்க. கடையில பணம் குடுத்தாலும் இல்லையாம்." அன்றைக்கு நாம் தேசங்களுக்காகவும் தலைவர்களுக்காகவும் பொதுவாக ஜெபித்துக்கொண்டிருந்தோம். ஒரு தேசத்தின் வீழ்ச்சி ஒரு மாத்திரையின் அளவில் நம் நடுவே வந்து நின்றதை நான் இன்றும் மறக்கவில்லை.

அந்த நாட்களில் இலங்கையில் நடந்தவற்றைச் செய்தியாகக் கேட்டோம். கேட்டு மறந்தும் விட்டோம். எனவே சிலவற்றை நினைவுபடுத்துகிறேன். மார்ச் மாதக் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. அச்சடிக்கக் காகிதம் இல்லாமல் மேல் மாகாணத்தில் பள்ளித் தேர்வுகள் தள்ளிவைக்கப்பட்டன. எரிபொருள் வரிசைகளில் வெயிலில் நின்ற முதியவர்கள் சிலர் நின்ற இடத்திலேயே விழுந்து மரித்தார்கள். வீட்டுச் சமையல் எரிவாயு உருளையொன்று 4,860 ரூபாய்க்குப் போனது. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. (அதே ஆண்டு மே மாதத்தில் நம் ஊரில் சிலிண்டர் விலை ஆயிரத்தைத் தாண்டியபோது நாம் எவ்வளவு பேசினோம் என்பதை எண்ணிக்கொள்ளுங்கள்.) 2021ஆம் ஆண்டின் முடிவில் லிட்டர் 177 ரூபாய்க்கு விற்ற பெட்ரோல், 2022 ஜூன் கடைசியில் 470 ரூபாய். செப்டம்பரில் கொழும்பின் பணவீக்கம் ஏறத்தாழ 70 விழுக்காட்டைத் தொட்டது. உணவுப் பொருள்களுக்கு மட்டும் பார்த்தால் அது 95 விழுக்காட்டுக்கு அருகே நின்றது. அதாவது, சென்ற ஆண்டு நூறு ரூபாய்க்கு வாங்கிய அரிசியும் பருப்பும் இவ்வாண்டு ஏறக்குறைய இருநூறு ரூபாய்.

தாயாரின் அக்காள் மகள் கொழுந்து பறிக்கிறவர். தோட்டத் தொழிலாளருக்கு நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் என்று 2021ஆம் ஆண்டில்தான் பல வருடப் போராட்டத்துக்குப் பின் நிர்ணயித்திருந்தார்கள். தோட்டம் சொல்லும் அளவுக்குக் கொழுந்து நிறுத்துக் காட்டினால்தான் முழு நாள்; குறைந்தால் அதை 'அரைப்பேர்' என்று எழுதுவார்கள், பாதிச் சம்பளம். இரசாயன உரம் நின்றபின் செடியில் கொழுந்து குறைந்தது. கூடை நிறையவில்லை. ஆயிரம் ரூபாயின் மதிப்பும் பாதியாய்ப் போனது. அந்தப் பெண் காலையில் மலையேறும்போது தேநீரும் ஒரு ரொட்டியுமே ஆகாரம். மாவின் விலை ஏறியபின் ரொட்டியின் அளவு சிறுத்தது என்று தாயார் சொன்னார்.

அந்நாடு எப்படி இந்த நிலைக்கு வந்தது? இதை ஒரே மனிதன்மேலோ ஒரே தவற்றின்மேலோ போடுவது எளிது. உண்மை அவ்வளவு எளிதன்று. 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21, உயிர்த்தெழுந்த ஞாயிறன்று நீர்கொழும்பிலும் கொச்சிக்கடையிலும் மட்டக்களப்பின் சீயோன் சபையிலும் நட்சத்திர விடுதிகளிலும் வெடித்த குண்டுகளை நாம் மறக்க இயலாது. அதன்பின் சுற்றுலாப் பயணிகள் குறைந்தார்கள். அடுத்த ஆண்டு கொரோனா வந்து மீதியையும் நிறுத்தியது. ஆனால் இவ்விரண்டுக்கும் நடுவே மனிதர் எடுத்த தீர்மானம் ஒன்றுண்டு. 2019 டிசம்பரில் மதிப்புக்கூட்டு வரியை 15 விழுக்காட்டிலிருந்து எட்டாகக் குறைத்தார்கள். வேறு சில வரிகளை அடியோடு நீக்கினார்கள். தேர்தலில் கொடுத்த வாக்கு அது. ஜனங்கள் மகிழ்ந்தார்கள். கருவூலம் வற்றியது. கடன் கொடுப்பவர்கள் கையை மடக்கிக்கொண்டார்கள். அந்நியச் செலாவணி கரைந்துகொண்டிருக்க, 2021ஆம் ஆண்டில் இரசாயன உர இறக்குமதியை ஒரே இரவில் தடைசெய்தார்கள். இயற்கை வேளாண்மை நல்லதுதான். ஆனால் ஆயத்தமின்றி விவசாயியின் கையிலிருந்ததைப் பிடுங்கியதை என்ன பெயர் சொல்லி அழைப்பது? நெல் விளைச்சல் வீழ்ந்தது, தேயிலை வாடியது; நவம்பருக்குள் தடையை விலக்கினார்கள். அதற்குள் ஒரு போகம் போயே போய்விட்டது. 2022 ஏப்ரல் 12ஆம் தேதி, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாது என்று அரசு அறிவித்தது. சுதந்திரம் அடைந்த 1948ஆம் ஆண்டுமுதல் அந்நாடு ஒருபோதும் அப்படிச் சொன்னதில்லை.

இதன்பின் நடந்தவை உங்களுக்குத் தெரியும். காலிமுகத்திடலில் கூடாரங்கள், அங்கே பௌத்த பிக்குகளோடு குருமாரும் கன்னியாஸ்திரீகளும் நின்றார்கள். ஜூலை 9ஆம் தேதி ஜனாதிபதி மாளிகைக்குள் ஜனங்கள் புகுந்தார்கள். சில நாட்களில் கோத்தபாய ராஜபக்ச நாட்டைவிட்டு வெளியேறிப் பதவி விலகினார்.

நம் பக்கத்திலும் சில நன்மைகள் நடந்தன. 2022 மே 18ஆம் தேதி சென்னைத் துறைமுகத்திலிருந்து தமிழ்நாடு அரசு முதல் கப்பலை அனுப்பியது; 9,000 டன் அரிசி, 200 டன் பால்பவுடர், மருந்துகள். சட்டமன்றத்தில் கட்சி வேறுபாடின்றித் தீர்மானம் போட்டு, தமிழருக்கு மட்டுமென்று சொல்லாமல் இலங்கை மக்கள் அனைவருக்குமாக அனுப்பியது எனக்கு அன்று மிகுந்த ஆறுதலாயிருந்தது. அதற்கு முன்பே, மார்ச் 22ஆம் தேதி, கைக்குழந்தையோடு படகேறி வந்த 16 பேர் தனுஷ்கோடிப் பக்கம் கரை சேர்ந்தார்கள். 1983இலும் 1990இலும் குண்டுக்குப் பயந்து வந்தார்கள். இம்முறை அரிசி விலைக்குப் பயந்து வந்தார்கள். நம் சபையிலும் ஒரு சிறப்புக் காணிக்கை எடுத்தோம். தாயார் தம் சகோதரிக்கு மாத்திரை அனுப்ப ஆள் தேடி அலைந்ததையும், கடைசியில் பயணம் போன ஒருவர் எடுத்துச்சென்றதையும் சிலர் அறிவீர்கள்.

ஆனால் நான் எழுத வந்தது வரிசைகளைப் பற்றி அன்று. வரிசைகள் மறைந்தபின் நடந்ததைப் பற்றி.

சீர்திருத்தம் வந்தது. வரவேண்டியதாயிருந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. மத்திய வங்கிக்குப் புதிதாக வந்த ஆளுநர் ஒரே நாளில் வட்டியை ஏழு விழுக்காட்டுப் புள்ளிகள் உயர்த்தினார். எரிபொருளுக்குப் பங்கீட்டு முறை வந்தது. 2023 மார்ச் 20ஆம் தேதி சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 300 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் தந்தது. நான்கு ஆண்டுகளில், தவணை தவணையாக. இலங்கை அந்த வாசலுக்குப் போவது அது பதினேழாம் முறை. அதற்குரிய நிபந்தனைகளின்படி வரிகள் ஏறின. எட்டாக இறக்கிய அதே மதிப்புக்கூட்டு வரி 2024 ஜனவரியில் 18 ஆனது. அதுவரை விலக்குப் பெற்றிருந்த எரிவாயுவும் எரிபொருளும் அதற்குள் வந்தன. மின்கட்டணம் 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 விழுக்காடும், 2023 பிப்ரவரியில் 66 விழுக்காடும் ஏறியது. சராசரி என்ற சொல்லுக்குள் ஒன்று ஒளிந்திருக்கிறது. மாதம் 30 யூனிட்டுக்குள் பயன்படுத்தும் வீடுகள், அதாவது இரண்டு விளக்கும் ஒரு மின்விசிறியும் உள்ள வீடுகள், நெடுங்காலமாக மானியத்தில் இருந்தவை. ஆகையால் விகிதத்தில் மிகப் பெரிய உயர்வு அவர்கள்மேல்தான் விழுந்தது. 2023ஆம் ஆண்டில் பணம் கட்டாததால் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டதாக அந்நாட்டு நாடாளுமன்றக் குழுவொன்றின் முன் சொல்லப்பட்டது.

இதைப் பற்றி நம் சபைக் கணக்குகளைச் சரிபார்த்துத் தரும் சகோதரரோடு ஒருநாள் ஆராதனை முடிந்து பேசிக்கொண்டிருந்தேன். வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், நேர்மையானவர். அவர் சொன்னார்: "ஐயா, வருமானத்துக்கு மேல செலவு பண்ணின வீட்டுல வாயைக் கட்டித்தானே ஆகணும்? வரியைக் குறைச்சப்ப கைதட்டினது யாரு? இப்ப கஷ்டமா இருக்குன்னா எப்படி?"

அவர் சொன்னதைத் தள்ளிவிட முடியாது. 1991ஆம் ஆண்டில் நம் தேசமும் அந்த விளிம்பில் நின்றது. நான் அப்பொழுது கல்லூரி மாணவன். ஏறத்தாழ 47 டன் தங்கத்தை இந்திய ரிசர்வ் வங்கி விமானத்திலேற்றி வெளிநாட்டில் அடகு வைத்ததாகச் செய்தி வந்த நாளில், என் தகப்பனார் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு அம்மாவின் கழுத்தைப் பார்த்தது நினைவிருக்கிறது. அந்தத் தாலிச் சங்கிலியும் அவ்வேளையில் அடகுக் கடையில்தான் இருந்தது. அன்றைய சீர்திருத்தம் இல்லாதிருந்தால் இன்று நம் தென்சென்னைப் புறநகரில் உங்கள் பிள்ளைகள் பலர் வேலை செய்யும் அலுவலகங்கள் எழும்பியிருக்குமா என்பது சந்தேகம். இலங்கையிலும் கசப்பு மருந்து வேலை செய்தது. 70 விழுக்காட்டில் நின்ற பணவீக்கம் ஓராண்டுக்குள் இரண்டு விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. வரிசைகள் போயின, மருந்துகள் திரும்பின.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பணவீக்கம் இறங்கியது என்றால் விலை இறங்கியது என்று பொருளன்று. மேலும் ஏறுவது நின்றது, அவ்வளவே. இரண்டு மடங்கான விலை இரண்டு மடங்கிலேயே நின்றது. கூலி அந்த உயரத்துக்கு ஏறவில்லை. உலக வங்கியின் கணக்கில் 2021ஆம் ஆண்டு நூறில் 13 பேராயிருந்த ஏழைகள் அடுத்த ஆண்டே 25 பேரானார்கள். புள்ளிவிவரம் நலமாகிவிட்ட பின்னும் தாயாரின் அக்காள் வீட்டில் ரொட்டி பழைய அளவுக்குத் திரும்பவில்லை.

ஆகவே கணக்காளர் சகோதரருக்கு நான் சொன்ன பதில் இது. வாயைக் கட்டத்தான் வேண்டும். ஆனால் ஒரு வீட்டில் வாயைக் கட்டும் நாள் வந்தால், முதலில் தன் தட்டைத் தள்ளிவைப்பவர் யார்? தகப்பன் தன் காப்பியையும் சிகரெட்டையும் விட்டபின் பிள்ளையின் பாலைக் குறைத்தால் அது ஒரு வீடு. பிள்ளையின் பாலை முதலில் நிறுத்திவிட்டு, தகப்பன் தன் பங்கைப் பற்றிப் பேசாதிருந்தால் அதற்கு வேறு பெயர்.

இப்பொழுது வேதத்துக்கு வருவோம். பஞ்சகாலத்தில் அதிகாரத்தில் அமர்ந்திருந்த இருவரை வேதம் நமக்கு முன்பாக வைக்கிறது. ஒருவர் யோசேப்பு.

யோசேப்பைப் பற்றி நான் எத்தனை முறை பிரசங்கித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. குழி, சிறைச்சாலை, சிங்காசனம் என்று வாலிபர் கூடுகைகளில் மூன்று பகுதியாகப் பிரித்துச் சொல்லியிருக்கிறேன். ஆதியாகமம் 41ஆம் அதிகாரத்தில் களஞ்சியங்களைக் கட்டுகிறார். 45ஆம் அதிகாரத்தில் சகோதரரைக் கட்டியணைத்து அழுகிறார். அங்கே ஜெபித்து முடித்துவிடுவோம். 47ஆம் அதிகாரத்தின் பின்பாதியை நான் ஊழியத்துக்கு வந்து இருபது ஆண்டுகளுக்குப் பின்னரே ஒழுங்காக வாசித்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அங்கே ஜனங்கள் தானியத்துக்காக முதலில் பணம் முழுவதையும் கொடுக்கிறார்கள். பணம் தீர்ந்ததும் ஆடுமாடுகளை ஓட்டிவருகிறார்கள். அடுத்த ஆண்டு கொடுக்க ஒன்றுமில்லாமல் தங்கள் நிலத்தையும் தங்களையுமே பார்வோனுக்கு விற்றுவிடுகிறார்கள். தங்களை உயிரோடே காத்ததற்காக யோசேப்புக்கு நன்றியும் சொல்கிறார்கள். அவர் காத்தது மெய். அந்த நன்றியும் மெய். ஆனால் பஞ்சம் தொடங்கியபோது நிலமுடையவர்களாயிருந்த ஒரு ஜனம், அது முடிந்தபோது குடியானவர்களாய், விளைச்சலில் ஐந்தில் ஒன்றை என்றென்றும் அரசனுக்குக் கொடுக்கவேண்டியவர்களாய் மாறிப்போனது.

அந்தத் தானியம் எங்கிருந்து வந்தது? செழிப்பான ஏழு ஆண்டுகளில் அதே ஜனங்களின் வயல்களிலிருந்து எடுத்துச் சேர்த்தது. அவர்கள் விளைவித்ததை அவர்களுக்கே விற்றார்கள். இதை வாசிக்கும்போது எனக்கு இலங்கையின் 2023ஆம் ஆண்டு ஜூலை மாதம் நினைவுக்கு வருகிறது. உள்நாட்டுக் கடனைச் சீரமைக்க வந்த திட்டத்தில், அரசுப் பத்திரங்களில் முதலீடு செய்திருந்த வங்கிகளை விட்டுவிட்டார்கள். வங்கிகள் கவிழ்ந்தால் எல்லாம் கவிழும் என்பது அவர்கள் சொன்ன காரணம், அதில் நியாயமும் உண்டு. ஆனால் தொழிலாளரின் ஊழியர் சேமலாப நிதியைக் குறைந்த வட்டியுள்ள பத்திரங்களுக்கு மாறச் செய்தார்கள். மாறாவிட்டால் 30 விழுக்காடு வரி. ஆடைத் தொழிற்சாலையில் தையல் இயந்திரத்தின்முன் இருபது வருடம் குனிந்திருந்த பெண்ணின் முதுமைக்கான பணம் அது. அவள் சேர்த்த தானியத்தில்தான் குறைத்தார்கள்.

47ஆம் அதிகாரத்தில் இன்னொரு வசனம் உண்டு, 22ஆம் வசனம். அதை வாசித்த அன்று புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். எல்லாருடைய நிலமும் விற்கப்பட்டது. ஆசாரியரின் நிலம் மட்டும் தப்பியது. அவர்களுக்குப் பார்வோனிடமிருந்து படி வந்துகொண்டிருந்தது. ஆகையால் அவர்கள் விற்கவேண்டிய நெருக்கம் வரவில்லை. வேதம் இதைப் புகழவும் இல்லை, இகழவும் இல்லை. ஒரு கணக்குப்பிள்ளையைப்போலக் குறித்து வைத்துவிட்டுப் போகிறது.

இரண்டாமவர் நெகேமியா. அவரும் ஓர் அந்நிய அரசனின் அதிகாரியே. அலங்கம் கட்டுவது அவருடைய சீர்திருத்தம். அது அவசியமானது, தேவசித்தமானதும் கூட. ஆனால் கட்டுமானத்தின் நடுவே கூக்குரல் எழும்புகிறது. பிள்ளைகுட்டிகள் அதிகம், தானியம் இல்லை என்கிறார்கள் சிலர். நிலத்தையும் திராட்சத்தோட்டத்தையும் வீட்டையும் அடகு வைத்தோம் என்கிறார்கள் சிலர். ராஜாவுக்குத் தீர்வை கட்டவே கடன் வாங்கினோம், எங்கள் குமாரத்திகள் அடிமைகளாய்ப் போகிறார்கள் என்கிறார்கள் மற்றவர்கள். மூன்றாவது குரலை உற்றுக் கேளுங்கள்: பசிக்கு அன்று, வரி கட்டுவதற்குக் கடன். இதுவும் ஹட்டன் லயத்தில் கேட்ட குரல்தான்.

இங்கே ஓர் ஆளுநர் என்ன சொல்லலாம்? அலங்கம் முடியட்டும், பிறகு பார்ப்போம் எனலாம். எதிரிகள் சூழ்ந்திருக்கும்போது உள்ளுக்குள் சச்சரவு கூடாது எனலாம். இவ்விரண்டையும் நம் காலத்து நிதியமைச்சர்கள் பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். நெகேமியா கோபங்கொண்டார், பின் தனக்குள் ஆலோசித்தார் (கோபத்துக்கும் பேச்சுக்கும் நடுவே வைத்த இந்த இடைவெளி எனக்கு மிகவும் பிடித்தது), பின் பிரபுக்களையும் அதிகாரிகளையும் சபைகூட்டி நேருக்கு நேர் கடிந்துகொண்டார். நிலத்தையும் வீட்டையும் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். வாங்கிய நூற்றுக்கு ஒன்றையும் சேர்த்து. வாய்ப்பேச்சை நம்பாமல் ஆசாரியரை அழைத்து ஆணையிடுவித்தார். தன் பங்காக, பன்னிரண்டு ஆண்டுகள் அதிபதிக்குரிய படியை வாங்கவில்லை. அவருக்கு முன்னிருந்தவர்கள் அப்பமும் திராட்சரசமும் அதற்குமேல் 40 சேக்கல் வெள்ளியும் ஜனங்களிடம் வாங்கியிருந்தார்கள். தன் பந்தியில் நாள்தோறும் 150 பேர் உண்டும் அவர் அதைக் கேட்கவில்லை. காரணம், ஜனங்களின்மேல் சுமை ஏற்கெனவே கனத்திருந்தது.

இவ்விரண்டு பெயர்களையும் தராசில் வைத்து, ஒருவரை உயர்த்தி ஒருவரைத் தாழ்த்துவது என் நோக்கமன்று. யோசேப்பு இல்லையேல் அந்த ஜனம் ஏழு வருடத்தில் அழிந்திருக்கும். நாணய நிதியமும் இலங்கையின் அதிகாரிகளும் கெட்டவர்கள் என்று எழுதிவிட்டு எழுந்துபோவதும் எனக்கு எளிது, அது உண்மையாகாது. 'அஸ்வெசும' என்ற பெயரில் ஏழைக் குடும்பங்களுக்கு உதவித்தொகை 2023இல் தொடங்கினார்கள். தகுதியுள்ள பலர் பட்டியலில் விடுபட்டதாக ஊருக்கு ஊர் முறையிட்டார்கள் என்றாலும், தொடங்கினார்கள். புதிய ஊழல் தடுப்புச் சட்டம் கொண்டுவந்தார்கள். 2023 நவம்பர் 14ஆம் தேதி அந்நாட்டு உச்ச நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதிகளான ராஜபக்ச சகோதரர்களும் அவர்களுடைய நிதி அதிகாரிகளும் பொருளாதாரத்தைத் தவறாக நடத்தி ஜனங்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்று தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்தவர்கள் நட்டஈடு கேட்கவில்லை. நீதிமன்றம் வழக்குச் செலவுக்கு ஆணையிட்டது. அந்தத் தீர்ப்பு வந்த வாரத்தில் தாயாரிடம் அதைச் சொன்னேன். "நல்லதுங்க ஐயா" என்றார். சற்றுப் பொறுத்து, "அதுக்கு கரண்ட் பில்லுல ஏதாவது கழிப்பாங்களா?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, மெய்யாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

என் எண்ணம் இதுதான். சீர்திருத்தத்தின் நேர்மையை அது எதைச் சாதித்தது என்பதைக்கொண்டு மட்டும் அளக்கக் கூடாது. சுமையை எந்த வரிசையில் இறக்கியது என்பதைக்கொண்டும் அளக்கவேண்டும். வரியைக் குறைத்துக் கருவூலத்தைக் காலியாக்கியவர்களிடம் தொடங்கிப் பின் கீழே வந்திருந்தால், அதே கசப்பு மருந்தை ஜனங்கள் வேறு முகத்தோடு குடித்திருப்பார்கள். இதை அரசியல் என்று சிலர் சொல்லலாம். நெகேமியா 5 அரசியல் என்றால் இதுவும் அரசியல்.

இவ்வளவும் எழுதி முடித்து, ஞாயிறு காலை இதை இன்னும் கொஞ்சம் விரித்துப் பேசலாம் என்று எண்ணி எழுந்தேன். 22ஆம் வசனம் விடவில்லை.

2020ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் தேதி தேசம் முடங்கியது. கோவிலம்பாக்கத்தில் அந்த நாட்கள் எப்படியிருந்தன என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ரேடியல் சாலை வெறிச்சோடிக் கிடந்தது. கட்டடங்களுக்கு வந்திருந்த ஒடிசாவையும் பீகாரையும் சேர்ந்த பிள்ளைகள் சாலையோரத்தில் மூட்டைகளோடு நின்றார்கள். நாம் அரிசிப் பைகள் கொடுத்தோம், புகைப்படமும் எடுத்தோம். ஆலயம் மூடியிருந்தது, காணிக்கை மூன்றில் ஒன்றாய்க் குறைந்தது. ஏப்ரல் முதல் வாரத்தில் சபைக்குழு தொலைபேசியில் கூடிச் சிக்கனத் தீர்மானங்களை எடுத்தது. மண்டபக் கட்டட நிதி வைப்பில் இருந்தது. அதைத் தொடவேண்டாம் என்றோம். போதகரின் படி அப்படியே இருக்கட்டும் என்று ஒரு மூப்பர் அன்போடு சொன்னார், நான் மறுக்கவில்லை. ஆலயத்தைப் பெருக்கித் துடைக்கும் சகோதரியின் சம்பளம் மாதம் 6,000 ரூபாய். ஆராதனையே இல்லாதபோது பெருக்க என்ன இருக்கிறது என்று அதை 3,000 ஆக்கினோம். அவர் வேலை செய்துகொண்டிருந்த இரண்டு வீடுகளும் அந்த மாதமே அவரை வரவேண்டாம் என்றிருந்தன. நமக்கு அது தெரியும். தீர்மானக் குறிப்பில் என் கையொப்பம் இருக்கிறது. செப்டம்பரில் ஆலயம் திறந்த பின்னும் இரண்டு மாதம் பாதிச் சம்பளமே போயிற்று. மாற்றவேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. நான் அவரிடம் போய்ச் சொன்னபோது, "பரவாயில்லைங்க ஐயா, கோயில் நல்லா நடக்கட்டும்" என்றார். யோசேப்புக்கு எகிப்தியர் சொன்ன நன்றியை வாசிக்கும்போதெல்லாம் இந்தக் குரல் எனக்குக் கேட்கிறது.

ஏழு மாதம், மாதம் 3,000 ரூபாய், 21,000 ரூபாய். அடுத்த சபைக்குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் முதல் பொருளாக இதை எழுதியிருக்கிறேன். மண்டபத்தின் மேற்கூரை இரண்டாவது. தாமதத்துக்குரிய வட்டியைக் கணக்கிட்டுத் தரும்படி கணக்காளர் சகோதரரையே கேட்டேன். "இதுக்கு வட்டி வேறயா ஐயா?" என்று சிரித்தார், ஆனாலும் கணக்கிட்டுக் கொடுத்துவிட்டார். அதில் பாதி என் படியிலிருந்து வரும். குழுவில் சிலருக்கு இதில் வருத்தம் இருக்கலாம், பேசித் தீர்த்துக்கொள்வோம்.

ஞாயிற்றுக்கிழமைக்கு முன் நெகேமியா ஐந்தாம் அதிகாரத்தை வீட்டில் ஒருமுறை வாசித்துவிட்டு வாருங்கள். பத்தாம் வசனத்தில் சற்று நில்லுங்கள். அந்த இடத்தில் மொழிபெயர்ப்புகள் ஒன்றுபோல் இல்லை. ஆனால் எபிரெயத்தில் வாசிக்கும்போது, தானும் தன் சகோதரரும் வேலைக்காரரும் கடன் கொடுத்திருப்பதை நெகேமியா சொல்லிவிட்டே, இந்த வட்டியை நாம் விட்டுவிடுவோம் என்று தன்னையும் கூட்டிப் பேசுவதாக எனக்குப் படுகிறது. உங்கள் வேதாகமத்தில் எப்படியிருக்கிறது என்று பார்த்து வந்து சொல்லுங்கள்.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் வழக்கம்போல் காலை பத்து மணிக்கு. தாயாரின் அக்காளுக்குக் கண் அறுவை சிகிச்சை அந்த வாரத்தில்தான்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்